மும்முறை விற்றவர்

ஜெர்மனியில் லைப்சிக் என்றொரு நகரம் உண்டு. நூல் வெளியீட்டுக்கும், வாணிகச் சந்தைக்கும், இசைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. யோஹான் செபாஸ்டியன் பாஹ் என்னும் இசைமேதை 1723ஆம் ஆண்டு முதல் 1750இல் மறையும் வரையில் அந்நகரத்துத் தாமஸ் தேவாலயத்தின் இசைப் பொறுப்பை வகித்தார். அத்தேவாலயத்துக்கு எதிரே போஸ் என்னும் வணிகக் குடும்பத்தாரின் பழைய மாளிகை இருக்கிறது. பாஹ் குடும்பத்தாருக்கும் போஸ் குடும்பத்தாருக்கும் நெருங்கிய பழக்கம் இருந்தது. ஆகவே பாஹின் நினைவுக் காட்சிச்சாலையை அந்த மாளிகையில் அமைத்திருப்பது பொருத்தமே. ஆனால், நேயர்களே, நான் இன்று கூறப் புகுவது பாஹின் வரலாறு அன்று. 1893ஆம் ஆண்டில் அதே மாளிகையில் பழங்கால இசைக்கருவிகளை அறை அறையாக நிரப்பி ஊராருக்குத் திறந்து காட்டிய ஒருவரைப் பற்றியது. அவர் பெயர் பால் தெ விட். அவர் வாழ்நாளில் மூன்று முறை இசைக்கருவிகளைப் பெருந்திரளாகச் சேர்த்தார். மூன்று முறையும் விற்றார்.

அரிதின் முயன்று சேர்த்த பொருளை ஒருவன் விற்றுவிட்டான் என்றால் நம்மவர் முகம் சுளிப்பது வழக்கம். "பாட்டனார் வாசித்த வீணையாம், அதையும் விலைபேசிவிட்டானாம்" என்று சொல்லும்போதே குரலில் ஒரு கசப்பு ஏறிவிடும். வறுமையால் விற்றான் என்றால் சிறிது இரக்கமாவது பிறக்கும். மற்றொரு பொருளை வாங்கும் ஆசையால் விற்றான் என்றால் இரக்கமும் இல்லை. இது பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவோம். தெ விட் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவரை எப்பெயரால் அழைப்பது என்பதே ஒரு சங்கடம். 'கலெக்டர்' என்னும் சொல் ஆங்கிலத்தில் அவருக்குப் பொருந்தும். நம் நாட்டிலோ அச்சொல் வரி தண்டும் அதிகாரிக்கு என்றோ பட்டயம் எழுதிக் கொடுத்தாயிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோர் 'சேகரிப்பாளர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். நானும் இங்கே அவ்வாறே செய்கிறேன்.

தெ விட் பிறந்தது 1852ஆம் ஆண்டு, ஹாலந்து நாட்டு மாஸ்திரிக்ட் நகரத்தில். தொழில் நாடி லைப்சிக் வந்து அங்கேயே தங்கிவிட்டார். பிறமாநிலங்களில் குடியேறி வாழும் நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவர் 'வியோலா ட கம்பா' என்னும் கருவியை வாசிக்கக் கூடியவர். இருகால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இழைக்கும் நரம்புக்கருவி அது. கழுத்தில் நம் வீணையைப்போல் மெட்டுகள் இருக்கும். பாஹின் காலத்தில் அரண்மனைகளில் ஒலித்தது. தெ விட் பிறந்த காலத்தில் அதனை வாசிப்போர் அரிதாகிவிட்டனர். வழக்கொழிந்த கருவி ஒன்றைக் கையில் எடுத்தவருக்கு வழக்கொழிந்த மற்றக் கருவிகளின்மேலும் கண் சென்றதில் வியப்பில்லை.

1880ஆம் ஆண்டில் அவர் இசைக்கருவி செய்வோருக்கென ஒரு தொழிற்பத்திரிகையைத் தொடங்கினார். கருவி செய்வோர், விற்போர், பழுது பார்ப்போர் ஆகியோரின் முகவரிகளைத் திரட்டி அச்சிட்ட பெருநூலும் அவருடைய அலுவலகத்திலிருந்து வெளிவந்தது. ஒரு சேகரிப்பாளனுக்கு இதைவிட நல்ல கருவூலத் திறவுகோல் வேறு ஏது? எந்தச் சிற்றூரில் எந்தக் கைவினைஞர் இருக்கிறார் என்பது அவர் மேசைமேல் இருந்தது. ஐரோப்பா முழுவதும் வீட்டுப் பரண்களில் பழங்கருவிகள் தூசு படிந்து கிடந்த காலம் அது.

அவை பரணுக்கு ஏறிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரையில் செல்வர் வீட்டுக் கூடத்தில் ஹார்ப்ஸிகார்ட் என்னும் கருவிக்கே முதலிடம். விசைக்கட்டையை அழுத்தினால் உள்ளே பறவையிறகின் தண்டு ஒன்று எழுந்து கம்பியை மீட்டும். விரலால் வீணையை மீட்டுவதற்கு இயந்திர வடிவம் கொடுத்தாற்போன்றது. ஆனால் மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஓசை ஏறக்குறைய ஒன்றே. இக்குறையைத் தீர்க்க 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் பிளாரென்ஸ் நகரத்தில், மெதிச்சி அரச குடும்பத்தின் கருவிகளைப் பேணிவந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்டோஃபோரி என்பவர் ஒரு சூழ்ச்சி கண்டார். மீட்டும் இறகுக்குப் பதிலாக ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே பின்வாங்கும். விரலின் வன்மை மென்மை அனைத்தும் ஓசையில் தெரியும். மென்மை, வன்மை என்னும் பொருள்தரும் இரண்டு இத்தாலியச் சொற்களைச் சேர்த்து 'பியானோஃபோர்ட்டே' என்றனர். நாம் பியானோ என்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியானோ ஆலைகளில் ஆயிரக்கணக்கில் உருவாயிற்று. ஹார்ப்ஸிகார்டும் கிளாவிகார்டும் கம்பாவும் வீட்டுக்கு வேண்டாதவை ஆயின. பழைய கட்டிலைப்போலவும் பெட்டியைப்போலவும் அவற்றுக்கும் மர விலைதான்.

அந்த மர விலைக்கு வாங்கித் தெ விட் சேர்த்தார். 1886ஆம் ஆண்டில் லைப்சிக்கில் அவருடைய முதற் காட்சிச்சாலை திறந்தது. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1888இல், பிரஷ்ய அரசு அவருடைய கருவிகளில் 240ஐ விலைக்கு வாங்கிற்று. பெர்லினில் இருந்த அரச இசைக்கல்லூரியில் இசை வரலாற்றறிஞர் பிலிப் ஸ்பிட்டாவும் வயலின் மேதை யோசப் யோவாகிமும் ஓர் இசைக்கருவிக் காட்சிச்சாலை அமைக்க முயன்றுகொண்டிருந்தனர். அரசவையிலிருந்து கிடைத்த சில கருவிகளோடு தெ விட்டின் 240 கருவிகளும் சேர்ந்து அதற்கு அடித்தளம் ஆயின. அத்துடன் அவர் ஓய்ந்திருப்பார் என்று நினைப்போம். அவரோ விற்ற கையோடு மறுபடியும் வாங்கத் தொடங்கினார். 1890இல் அந்த இரண்டாம் தொகுதியும் பெர்லினுக்கே சென்றது.

இந்த இரண்டாம் விற்பனையில் ஒரு கருவியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தாமஸ் தேவாலயத்தில் பாஹின் பதவியில் அப்போது அமர்ந்திருந்த வில்ஹெல்ம் ருஸ்ட் என்பவரிடமிருந்து தெ விட் ஒரு ஹார்ப்ஸிகார்டைப் பெற்றிருந்தார். அது பாஹ் வாசித்த கருவி என்னும் வரலாறு அதனோடு கூடவே வந்தது. பெர்லின் காட்சிச்சாலையும் 'பாஹ் ஹார்ப்ஸிகார்ட்' என்றே அதனை வைத்துப் போற்றியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹார்ப்ஸிகார்டுக்கு மறுவாழ்வு வந்தபோது, ஜெர்மானியக் கைவினைஞர் பலர் இதன் கம்பி அமைப்பையே இலக்கணமாகக் கொண்டு புதுக்கருவிகள் செய்தனர். 'பாஹ் அமைப்பு' என்று அதற்குப் பெயரும் வழங்கியது. 1924ஆம் ஆண்டில் கேயார்க் கின்ஸ்கி என்னும் அறிஞர் சான்றுகளை எடுத்து வைத்து, இது பாஹின் கருவி என்பதற்கு உறுதியில்லை என்று எழுதினார். பின்னர் ஆராய்ந்தோர் துரிங்கியா நாட்டு ஹராஸ் என்பவரின் பட்டறையில் உருவானது இது என்று கண்டனர். பாஹ் குடும்பத்தோடு தொடர்பு இருந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. பழம்பொருள் வாணிகத்தில் பொருளோடு கதையும் கைமாறும். பொருளுக்கு ஒரு விலை, கதைக்கு மற்றொரு விலை. கருவியைப் பிரித்துப் பார்க்கலாம். கதையைப் பிரித்துப் பார்க்க முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அக்கின்ஸ்கியைப் பின்னர் வேறோரிடத்தில் சந்திப்போம்.

சேர்த்ததை விற்றுவிட்டு மீண்டும் சேர்த்தவர் தெ விட் ஒருவரே என்று எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சு நாட்டுச் செல்லோக் கலைஞர் ஒகுஸ்த் தொல்பெக் 1879இல் தம் கருவித் தொகுதியைப் பிரஸ்ஸெல்ஸ் இசைக்கல்லூரிக்கு விற்றார். பிறகு புதிதாகச் சேர்க்கவும் பழையவற்றைச் செப்பனிடவும் தலைப்பட்டார். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பாதிரியாராக இருந்த கால்பின் என்பவர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை 1916இல் வில்லியம் லிண்ட்ஸே என்னும் அமெரிக்கச் செல்வருக்குக் கொடுத்தார். லிண்ட்ஸேயின் மகள், மணமான சில நாட்களிலேயே கணவருடன் 'லூஸிட்டானியா' என்னும் கப்பலில் புறப்பட்டவள். 1915ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் அதனைத் தகர்த்தது. இருவரும் மாண்டனர். மகளின் பெயரால் அத்தந்தை அக்கருவிகள் அனைத்தையும் பாஸ்டன் நகரக் கலைக்காட்சிச்சாலைக்கு அளித்தார். இந்தியக் கருவிகளைப் பொறுத்தவரையில், நம் கல்கத்தாவில் ஒருவர் விற்பனை என்னும் பேச்சே இல்லாமல் அள்ளிக் கொடுத்தார். பாதுரியாகட்டா தாகூர் குடும்பத்து ராஜா சௌரீந்திர மோகன் தாகூர் 1876ஆம் ஆண்டில் ஏறக்குறைய நூறு இந்தியக் கருவிகளைப் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபால்டுக்கு அனுப்பினார். மறு ஆண்டு தோன்றிய பிரஸ்ஸெல்ஸ் இசைக்கருவிக் காட்சிச்சாலைக்கு அவை பெருஞ்செல்வம் ஆயின.

அந்தக் காட்சிச்சாலையின் முதற் பொறுப்பாளர் விக்டர் மஹியோன். எல்லா நாட்டுக் கருவிகளையும் ஒரே பட்டியலில் அடக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. 1880இல் அவர் வெளியிட்ட பட்டியலில் கருவிகள் நான்கு இனமாக நின்றன: தானே அதிர்வது, தோல் அதிர்வது, காற்று அதிர்வது, நரம்பு அதிர்வது. பரத நாட்டிய சாஸ்திரம் கூறும் கனம், அவனத்தம், ஸுஷிரம், ததம் என்னும் நால்வகையும் இதுவே என்பதை அறிஞர் எடுத்துக் காட்டுவர். கஞ்சக்கருவி, தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று தமிழர் வழங்கும் பகுப்பும் இந்நான்கோடு ஒக்கும். மிடற்றுக்கருவி என்று குரலையும் ஒரு கருவியாக எண்ணியது மட்டும் நம்முடைய தனிச்சிறப்பு. மஹியோனின் நால்வகையை விரிவாக்கி 1914ஆம் ஆண்டில் ஹார்ன்பாஸ்டல், குர்ட் ஸாக்ஸ் என்னும் இருவர் அமைத்த முறைதான் இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது. இந்த ஸாக்ஸ் மறு ஆண்டிலேயே இந்திய, இந்தோனேசியக் கருவிகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பின்னர்ப் பெர்லின் காட்சிச்சாலையின் தலைவராகி, 1922இல் அதன் முழுப்பட்டியலை வெளியிட்டார். தெ விட் விற்ற கருவிகள் கல்வியுலகத்துக்குப் பயன்பட்டது அப்பட்டியலின் வழியாகத்தான். அவர் விற்காது வைத்திருந்தால் அவருடைய வாரிசுகள் அவற்றை என்ன செய்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

லைப்சிக்குக்குத் திரும்புவோம். பெர்லினுக்கு இருமுறை கொடுத்தபின் தெ விட் மூன்றாம் முறையாகச் சேர்க்கலானார். முன்னிரண்டையும்விட இதுவே பெரிது. ஹெர்மன் ஸைஃபார்ட் என்னும் கைதேர்ந்த கருவி வினைஞர் பழுதடைந்தவற்றைச் செப்பனிட்டுத் தந்தார். சிறந்த கருவிகளை வண்ணப்படங்களாக அச்சிட்ட நூலொன்றை 1892இல் தெ விட் வெளியிட்டார். மறு ஆண்டுதான், தொடக்கத்தில் கூறிய போஸ் மாளிகையில் காட்சி திறந்தது. பழைய வயலின்களின் உட்புறத்தில் செய்தவர் பெயரோடு ஒட்டியிருக்கும் சீட்டுகளையும் திரட்டி 1902இல் ஒரு நூலாக்கினார். 1904ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இடம்பெற்றன. பட்டியல் அச்சிடுவது சேகரிப்பாளர் உலகில் இருவகைப் பொருள் தரும். ஒன்று, பெருமை. மற்றொன்று, விலைக்குத் தயார் என்னும் அறிவிப்பு.

லைப்சிக் நகரமே இதனை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். நகரம் வாங்கவில்லை. பாஹின் ஊர், மெண்டெல்ஸோன் இசைக்கல்லூரி நிறுவிய ஊர், இசைநூல் அச்சுக்கு உலகத் தலைநகரம் என்று பெருமை பேசும் ஊர், தன் வாயிற்படியில் நின்ற இச்செல்வத்தை வெளியே போகவிட்டது. 1905ஆம் ஆண்டில் மூன்றாம் தொகுதி முழுவதும் ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரத்துக்குச் சென்றது. வாங்கியவர் வில்ஹெல்ம் ஹையர் என்னும் காகித வாணிகச் செல்வர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தெ விட் மும்முறையும் மொத்தமாகவே விற்றார். ஒரு கம்பாவை ஒருவருக்கும், ஒரு குழலை மற்றொருவருக்கும் என்று உதிரியாகக் கொடுத்திருந்தால் கூடுதலான பணம்கூடக் கிடைத்திருக்கலாம். முத்துகளின் விலையைக் கூட்டினால் மாலையின் விலையைவிட மிகுவது பழம்பொருள் சந்தையில் புதிதன்று. மொத்தமாகக் கொடுத்தமையால்தான் ஒரு சேகரத்தின்மேல் மற்றொரு சேகரம் ஏறிநிற்க முடிந்தது. ஹையரும் அவ்வழியே சென்றார். 1907இல் பார்மென் நகரத்துப் பியானோ ஆலையதிபர் இபாஹின் தொகுதியை வாங்கினார். 1908இல் பிளாரென்ஸ் நகரத்து அலெஸாண்ட்ரோ கிரௌஸ் என்பவரின் தொகுதியை வாங்கினார். கிறிஸ்டோஃபோரி தம் கையால் 1726ஆம் ஆண்டில் செய்த பியானோ கிரௌஸின் தொகுதியில் இருந்தது. அவர் செய்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. 1720இல் செய்தது நியூயார்க்கிலும், 1722இல் செய்தது ரோமிலும் உள்ளன, மூன்றாவது இதுதான். பியானோ பிறந்த பிளாரென்ஸிலிருந்து அது ஆல்ப்ஸ் மலையைக் கடந்து காகித வாணிகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இத்தனையையும் ஒழுங்குபடுத்த ஹையர் 1909இல் அமர்த்திய பொறுப்பாளர்தான் முன்பு நாம் கண்ட கேயார்க் கின்ஸ்கி. அவர் ஒவ்வொரு கருவியையும் அளந்து, ஆராய்ந்து, எண்ணிட்டு எழுதினார். விசைக்கட்டைக் கருவிகளின் பட்டியல் 1910இலும், நரம்புக்கருவிகளின் பட்டியல் 1912இலும், இசைமேதையரின் கையெழுத்துப் படிகளின் பட்டியல் 1916இலும் வெளிவந்தன. இடையிலே வரவேண்டிய மூன்றாம் பகுதி வெளிவரவே இல்லை. ஹையர் 1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காலமானார். அவர் கனவு கண்ட காட்சிச்சாலை அதே ஆண்டில், அவர் மறைந்த பின்னர்தான் திறந்தது. மறு ஆண்டில் போர் மூண்டது. போருக்குப்பின் நாணயம் சரிந்து, 1923இல் ரொட்டி வாங்கக் கூடையில் நோட்டுகளைக் கொண்டுபோன நிலை ஜெர்மனியில் வந்தது. ஒரு குடும்பம் தன் செலவில் காட்சிச்சாலை நடத்தும் காலம் மலையேறிவிட்டது.

1926இல் ஹையரின் வாரிசுகள் விற்க முற்பட்டனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர்கள் செய்த விற்பனை இருவகையாகப் பிரிந்தது. அப்பிரிவின் பயனை இன்று காணலாம். பாஹ், மோஸார்ட், பேட்ஹோவன் முதலியோரின் கையெழுத்துப் படிகள் பெர்லினில் ஏலத்துக்கு வந்தன. 1926 முதல் 1928 வரை ஏலம் நடந்தது. சுத்தியல் தட்டத்தட்ட அவை ஒவ்வொன்றாகத் திசைக்கொன்றாய்ச் சிதறின. ஹையர் ஒருங்கு சேர்த்த கையெழுத்துத் தொகுதி என்பது இப்போது கின்ஸ்கியின் 1916ஆம் ஆண்டுப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

டில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களில் இதன் சிற்றுருவைக் காணாதவர் இல்லை. மாற்றல் உத்தரவு வந்ததும் முதலில் எழும் கேள்வி, கிராமபோன் தட்டுகளை என்ன செய்வது என்பதுதான். தஞ்சாவூர் வீணைக்கு ஒரு மரப்பெட்டி செய்து ரயிலில் ஏற்றிவிடலாம். ஆனால் எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டுகள் இருநூறு, முந்நூறு இருந்தால் கனம் தாங்காது; உடைந்தும் போகும். ஆகவே இரண்டை அடுத்த வீட்டாருக்கு, பத்தைப் பழைய பொருள் வாங்குபவனுக்கு, நாலைந்தை நினைவுக்கு என்று பிரித்துவிடுவோம். தட்டுகள் எங்கேயோ ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவற்றை ஒருவர் எந்த வரிசையில், என்ன காரணத்தால் தேடித்தேடி வாங்கினார் என்னும் செய்தி அன்றே அழிந்துவிடும். ஒரு நூலகமோ சபையோ அனைத்தையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டுப்பார்க்க நமக்கு நேரமிருப்பதில்லை. டில்லி வாழ் நேயர்கள் சங்கீத நாடக அகாடமியின் கருவிக் காட்சிக்கூடத்தை அறிவார்கள். 1964ஆம் ஆண்டில் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அதனைத் திறந்துவைத்தார்.

ஹையரின் இசைக்கருவிகளுக்கு வேறு விதி வாய்த்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்து இசைத்துறைப் பேராசிரியர் தியோடர் குரோயர் அவற்றை ஒருங்கே தம் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவர முயன்றார். விலை 8 லட்சம் மார்க். சாக்ஸனி மாநில அரசு 6 லட்சம் கொடுக்க இசைந்தது. மீதி 2 லட்சத்தைத் தம் கையிலிருந்து கொடுத்தவர் ஹென்ரி ஹின்ரிக்ஸன். அவர் பீட்டர்ஸ் என்னும் புகழ்பெற்ற இசைநூல் பதிப்பகத்தின் உரிமையாளர், யூத இனத்தவர். அவருடைய மாமனான மாக்ஸ் ஆபிரகாம் 1894இலேயே பொதுமக்களுக்கென இசை நூலகம் ஒன்றைத் திறந்துவைத்தவர். லைப்சிக்கில் பெண்களுக்கெனத் தோன்றிய உயர்கல்விக் கூடத்துக்கும் ஹின்ரிக்ஸன் பொருளுதவி செய்தார். 1905இல் நகரம் கைவிட்ட செல்வத்தை இருபத்தோர் ஆண்டுகள் கழித்து ஒரு குடிமகன் மீட்டுக் கொடுத்தார்.

தெ விட் அதனைக் காணவில்லை. 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் லைப்சிக்கில் காலமானார். சில மாதங்கள் இருந்திருந்தால், தாம் அனுப்பிய பெட்டிகள் திரும்பி வருவதைப் பார்த்திருப்பார்.

1929ஆம் ஆண்டு மே மாதத்தில் கிராஸி மாளிகை என்னும் புதிய கட்டடத்தில் அக்கருவிகள் மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டன. பல்கலைக்கழகம் ஹின்ரிக்ஸனுக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. நான்கு ஆண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1933இல் குர்ட் ஸாக்ஸ் யூதர் என்னும் காரணத்தால் பெர்லின் காட்சிச்சாலைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, பாரிஸுக்கும் பின்னர் நியூயார்க்குக்கும் சென்றார். ஹின்ரிக்ஸனின் பதிப்பகம் பறிக்கப்பட்டது. அவர் 1940இல் பிரஸ்ஸெல்ஸ் நகரத்துக்குத் தப்பிச் சென்றார். ஜெர்மானியப் படை அங்கும் வந்தது. 1942ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஆஷ்விட்ஸ் கொலைக்கூடத்தில் அவரைக் கொன்றனர். நகரத்தின் இசைச்செல்வத்தை நகரத்துக்கே வாங்கிக் கொடுத்தவருக்கு நகரத்தில் இருக்கவும் இடமில்லாது போயிற்று. இவ்வரலாற்றில் விற்றவர் பலர், வாங்கியவர் பலர். தமக்கென்று ஒரு குழலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பணம் கொடுத்தவர் அவர்.

1943ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விமானத் தாக்குதலில் கிராஸி மாளிகை எரிந்தது. முன்கூட்டியே வெளியூர்களுக்கு அனுப்பியவற்றில் பெரும்பகுதி பிழைத்தது. அகற்ற முடியாத பெருங்கருவிகள் பலவும் ஆவணங்களும் சாம்பலாயின. பெர்லின் காட்சிச்சாலையின் இழப்பு இன்னும் கொடியது. நாலாயிரத்தை எட்டியிருந்த அதன் கருவிகளில் போருக்குப்பின் எழுநூறு அளவில்தான் எஞ்சின. தெ விட்டின் முதலிரண்டு தொகுதிகளில் எத்தனையோ கருவிகள் அவ்வழியே மறைந்தன. வழக்குக்கு உள்ளான அந்தப் பாஹ் ஹார்ப்ஸிகார்ட் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. கின்ஸ்கியும் யூத மரபினரே. அவருடைய சொந்த நூலகத்தையும் குறிப்புகளையும் 1944இல் அரசினர் பறித்துக்கொண்டனர். பேட்ஹோவன் படைப்புகள் அனைத்துக்கும் ஒரு பெரும்பட்டியல் எழுதிவந்த அவர் 1951இல் காலமானார். மற்றோர் அறிஞர் அதனை நிறைவு செய்ய, 1955இல் நூல் வெளிவந்தது.

லைப்சிக் காட்சிச்சாலை சிறுகச்சிறுகப் புதுப்பிக்கப்பட்டு, அதே கிராஸி மாளிகையில் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. கின்ஸ்கி கொலோனில் இட்ட எண்களை அங்கே மாற்றவில்லை. 1543ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து தொமேனிகோ என்பவர் செய்த கிளாவிகார்ட் அவர் பட்டியலில் முதலாம் எண். காட்சிச்சாலையிலும் அதற்கு முதலாம் எண்தான். கிறிஸ்டோஃபோரியின் 1726ஆம் ஆண்டுப் பியானோவுக்கு எண் 170.